இருபது செயின் மைதானம்

கல்லூரிக்காக ஓடிய அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு இடது கணுக்கால் வலிக்கிறது. பனி கொட்டும் அமெரிக்க ஊர் அது. வெளியில் ஓட முடியாது என்று பெரிய கூடத்துக்குள் ஓடுபாதை போட்டிருந்தார்கள். சுற்றுக்கு இருநூறு மீட்டர்தான். என் ஓட்டமோ நானூறு மீட்டர். இரண்டு சுற்று, நான்கு வளைவு, அத்தனையும் தட்டைத் தரையில் கொண்டை ஊசி வளைவு. நேர்ப்பாதையில் சேர்த்த வேகத்தை வளைவு பிடுங்கிக்கொள்ளும். உள்கோட்டில் ஓடுகிறவள் பாடு படுமோசம். புதிதாக வந்தவள் என்பதால் எனக்குப் பெரும்பாலும் அதைத்தான் கொடுத்தார்கள்.

அந்தக் கல்லூரி உதவித்தொகை கொடுத்து என்னை எடுத்ததே ஒரு கடிதத்தைப் பார்த்துத்தான். ஃபிஜியில், லோவுவில், எங்கள் பள்ளிக்கூடத்துப் புல்தரையில் நான் ஓடிய நேரத்தை எழுதித் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம். இந்தியர்கள் கை ஓங்கிவிட்டது என்று முதல் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. 'கூ' என்று சொல்வோம். எங்கள் தெருவில் பாதி வீடு காலி. கனடாவில் அண்ணன் இருந்தவர்கள் கனடாவுக்கும், சிட்னியில் மாமா இருந்தவர்கள் சிட்னிக்கும் கிளம்பிவிட்டார்கள். எங்களுக்கு எங்கேயும் ஆள் இல்லை. நான் காலூன்றினால் பின்னால் தங்கையையும் அழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் வீட்டின் ஒரே திட்டம்.

அந்தப் பள்ளி மைதானத்தில் கோடு போட்டது அப்பா. கரும்பு நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலி ஊரில் அவரிடம்தான் இருந்தது. நூறு கண்ணி ஒரு செயின். பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். இருபது செயின் அளந்தால் நானூறு மீட்டர், கொஞ்சம் கூடவே இருக்கும். வருடாவருடம் விளையாட்டு விழாவுக்கு அவர் சங்கிலியை இழுத்துப் போட்டு, பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றிக் கோடு போடுவார்.

அமெரிக்கக் கூடத்துக்குள் கடிதத்தில் இருந்த நேரத்தை நான் நெருங்கவே இல்லை. "வளைவுதான் காரணம், கவலைப்படாதே," என்றார் பயிற்சியாளர். நானும் நம்பினேன். வீட்டுக்கு எழுதிய கடிதத்திலெல்லாம் வளைவைத் திட்டினேன். அப்பா பதிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார். வளைவைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டார்.

பிறகு இன்னொரு கல்லூரிக்குப் போட்டிக்குப் போனோம். அங்கே வளைவின் வெளிப்பக்கத்தைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஓடும்போது உடம்பு தானாகச் சாய்ந்துகொள்ளும், வேகம் குறையாது. எல்லோருடைய நேரமும் இறங்கியது. என்னுடையதும் இறங்கியது, ஆனால் கடிதத்தில் இருந்த அளவுக்கு இல்லை. பனி விட்டபின் வெளி மைதானத்தில் முழுச் சுற்று ஓடினேன். அதே கதைதான். பயிற்சியாளர் கடிதத்தை எடுத்து ஒருமுறை படித்துவிட்டுத் திரும்பக் கோப்பில் வைத்தார். அடுத்த வருடத்துக்கு உதவித்தொகை இல்லை என்றார்கள்.

லோவுவுக்குத் திரும்பி வந்தேன். அம்மா அழுதாள். மறுநாள் காலை கொட்டகைக்குப் போய்ச் சங்கிலியை ஆணியிலிருந்து இறக்கினேன். திட்டுவதற்கு இனி எந்த வளைவும் மிச்சமில்லை, அதனால்தான். வில்லைக்கு வில்லை பத்துக் கண்ணி சரியாக இருந்தது. கடைசித் துண்டில் மட்டும் ஏழு. மூன்று தடவை எண்ணினேன். இருபது தடவை இழுத்துப் போட்டதில் சுற்றுக்குப் பத்து மீட்டர் போலக் குறைந்திருக்கிறது.

அப்பா வயலிலிருந்து வந்ததும் கேட்டேன். "அப்பா, செயின்ல மூணு கண்ணி எங்க?"

அவர் குழாயடியில் கைகால் கழுவி முடித்தார். "ஆணி டப்பாவுல இருக்கு."

"அறுந்துபோச்சா?"

"இல்ல, நாந்தான் கழட்டனேன். நீ ஓடறதுக்கு மொத நாளு."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. "ஒரு வருஷம் நாயா ஓடனேன்பா! என்னால முடியலன்னு தெனம் செத்தேன். கடைசில என்னா ஆச்சு? திரும்ப இங்கதான வந்து நிக்கறேன்!"

அப்பா தலைநிமிரவில்லை. "அந்தக் காலத்துல தோட்டத்துல வேல வாங்கற வெள்ளக்காரக் குலம்பரு செயின நீட்டி வெச்சி அளந்து, எங்க பாட்டன கூடுதலா வெட்ட வெச்சான். நான் கொஞ்சம் கொறச்சேன், அவ்ளோதான்." பிறகு குரல் இறங்கியது. "நீ போனப்பறம் ரெண்டு தடவ மூஞ்சிய மூடிக்கிட்டு, கத்தி எடுத்துக்கிட்டு, ஆளுங்க வீட்டுக்குள்ள வந்தாங்க. ஒனக்கு எழுதல. தங்கச்சிய கரும்புக்குள்ள ஒளிச்சி வெச்சோம். பெரிய பொண்ணு இங்க இல்ல, அது போதும்னு இருந்துது பாப்பா."

அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை. களைப்பாக இருந்தது. ஆணி டப்பாவைத் திறந்து பார்த்தேன். மூன்று கண்ணியையும் கம்பியில் கோத்து வைத்திருந்தார்.

தங்கைக்கு அப்போது பதினாறு வயது. என் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஓடுவாள். பள்ளி விளையாட்டு விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. டப்பாவை மூடினேன். சங்கிலியைச் சுருட்டி, இருந்தபடியே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.