மூக்கை நம்பாத பெண்

கல்லூரியின் கோடை விடுமுறையில், ஆய்வுப் பயிற்சிக்காக அந்தப் பெண் ஜெகதாப்பட்டினத்தில் நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனிக்கு வந்தாள். ஐஸை உறைய வைக்கும் அமோனியா என்ற நச்சு வாயு கசிந்தால் கத்தும் சென்சார் பெட்டி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான உருவம், மூக்கில் நிற்காத கண்ணாடி. எங்கே நின்றாலும் வாசலைப் பார்த்தபடிதான் நிற்பாள். அதைப் பார்த்து நானும் வாசல் பக்கமாக நகர்ந்துகொள்வேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான்; எதற்கும் பயப்படுகிறவன்.

ஒருநாள் கம்ப்ரசர் பக்கம் பெட்டி கத்தியது. முகர்ந்து பார்த்தேன்.

"இங்கிட்டு ஒரு வாடையும் இல்ல ஆத்தா. ஒம் பொட்டி சும்மா கத்துது."

"ஒங்க மூக்கு மரத்துப்போச்சுண்ணே. வருசக்கணக்கா இதுக்குள்ளயே இருக்கீங்கள்ல? வெளியாளு யாராச்சும் மூக்கப் பொத்துனா, நீங்க உள்ள நிக்காதீங்க."

பிளான்ட்டை நிறுத்திக் கசிவைச் சரிபார்க்கும்படி முதலாளியிடமும் சொன்னாள். "மீன்புடி தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கெளம்புற நேரம். இப்பப் போயி பிளான்ட்ட நிறுத்தச் சொல்றியாம்மா? அப்பறம் பாப்போம்" என்றார் அவர். பயிற்சி முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

இன்று ஐஸ் ஏற்ற வந்த வெளியூர் டிரைவர், உள்ளே கால் வைத்ததுமே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். நானும் வெளியே ஓடிவந்து, உள்ளே இருந்த நாலு பேரையும் கத்திக் கூப்பிட்டேன்.

"மூக்கு டாக்டரு கூப்புடுறாருய்யா!" என்று சிரித்தபடி ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை.

இன்று ஒன்றும் ஆகவில்லை. நாளைக் காலை நாங்கள் ஐந்து பேரும் மறுபடி உள்ளே போக வேண்டும். அவள் இருந்திருந்தால் என்ன சொல்லி அவர்களை வெளியே கொண்டுவந்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.