டாலியாக் கிழங்குகளும் என் இடது கையும்

2006 ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், எங்கள் கீழ்த்தள வீட்டின் பின்புறம் டாலியாப் பூச்செடிக் கிழங்குகளைச் சாடிகளில் வைத்துக்கொண்டிருந்தேன். உறைபனிப் பயம் நீங்கிய பிறகு அவற்றில் பாதியை வேலியோரப் பாத்திக்கு மாற்றுவது வழக்கம். நான்காவது சாடிக்கு மண் அள்ளியபோது கரண்டி இடது கையிலிருந்து விழுந்தது. எடுத்தேன். மறுபடியும் விழுந்தது.

நோவே இல்லை. அதில்தான் ஏமாந்தேன். இரவு கையை மடக்கிப் படுத்திருப்பேன் என்று எண்ணி, மிச்சச் சாடிகளை வலது கையால் நிரப்பி முடித்துவிட்டு உள்ளே போய்ச் சாய்ந்தேன்.

வேலையால் வந்த என் மனைவி ரஞ்சினி, கைப்பையை வைக்காமலே என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"இஞ்சேருங்கோ, ஒருக்காச் சிரியுங்கோ பாப்பம்."

சிரித்தேன்.

"வாய் ஒரு பக்கம் போகுது. எழும்பாதேங்கோ. நான் அம்புலன்ஸுக்கு அடிக்கிறன்."

மருத்துவமனையில் ஸ்கான் எடுத்தார்கள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாயை இரத்தக்கட்டி அடைப்பது). எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். "இப்போதுதான்" என்று சொல்ல நா உன்னியது. காலையிலேயே யாரையும் அழைக்காததை ரஞ்சினிக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

"காலை பத்து மணி" என்று குழறினேன். அப்போது மூன்றரை.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நேரம் கடந்துவிட்டது. இப்போது கொடுத்தால் மூளைக்குள் இரத்தம் கசியலாம். நீங்கள் உண்மையைச் சொன்னது நல்லது."

ரஞ்சினி என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமெல்லே?" என்றாள். இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு உடனே உதவிக்கு அழையுங்கள். வலி வரட்டும் என்று காத்திராதீர்கள்.

பிறகு ரேஹா (உடலை மீண்டும் பழக்கும் நிலையம்). உலகக் கிண்ண உதைபந்தாட்டம் தொடங்கி, வீதியெல்லாம் கார்கள் கொடியோடு ஓடின. நான் இடது கையால் மரக்குச்சிகளைத் துளைகளில் செருகப் பழகினேன். எரிச்சலாக இருந்தது. அதைப் பார்த்த ரஞ்சினி ஒரு டாலியாச் சாடியை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். நுனியைக் கிள்ளிவிட்டால்தான் செடி கிளைத்து நிறையப் பூக்கும்.

"இடக்கையாலை கிள்ளுங்கோ."

"ஏலாதப்பா."

"ஏலும். ஆறுதலாச் செய்யுங்கோ."

விரல்களை அழுத்தினேன். எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியவில்லை. தண்டு அடியோடு முறிந்தது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அழுதேன்.

ரஞ்சினி முறிந்ததை எடுத்து ஒரு கடதாசியில் சுற்றினாள். "கிழங்கு கிடக்குதானே. திரும்ப முளைக்கும்" என்றாள். அடுத்த வாரம் வேறொரு சாடியோடு வந்தாள். அதில் சரியாகக் கிள்ளினேன்.

முறிந்த செடி முளைத்தது. மற்றவை பூத்துக் குலுங்கிய செப்டெம்பரில் சின்னதாக மூன்று பூ விட்டது. பண்டகசாலையில் பாரந்தூக்கி ஓட்டும் என் பழைய வேலைக்கு மட்டும் திரும்ப முடியவில்லை.

நவம்பரில் உறைபனி பட்டு இலைகள் கருகின. கிழங்குகள் குளிரில் அழுகாமல் கிளறி எடுத்து நிலவறையில் வைக்க வேண்டும். முன்பு ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை. அந்த வருடம் ஒன்பது நாள் எடுத்தது. ஒரு நாளைக்கு ஒரு செடி, சில நாள் இரண்டு. யாரும் அவசரப்படுத்தவில்லை.

இப்போதும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் இரண்டு கைகளையும் பாத்தி மண்ணுக்குள் விடுகிறேன். வலது கைக்கு உடனே குளிர்கிறது. இடது கைக்குச் செய்தி மெதுவாகத்தான் போகிறது. அதற்கும் குளிரும் வரை முழங்காலில் அப்படியே இருக்கிறேன். அதன் பிறகுதான் கிளறத் தொடங்குவேன்.