மணவறையோடு மேட்டைக் கடந்தவர்

அக்கா மகளின் கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்து நவம்பரில் நாள் குறித்துக் கொடுத்த மேதை நான்தான். அன்று காலை, வழியிலுள்ள ஹுன்ஸ்ரூக் மேட்டுநிலத்தில் புயல்காற்று வீசும், உயரமான வாகனங்கள் போகவேண்டாம் என்று வானொலி சொன்னது. மண்டபமோ மேட்டுக்கு அப்பால். மணவறை இன்னும் எங்கள் ஊரான கொலோனில்.

அதை ஏற்றிப்போகும் வான் சாரதி மன்னார்க் கத்தோலிக்கர், காதுவரை தொப்பி போட்ட ஒல்லி மனிதர். வாசலில் நின்ற எங்கள் எல்லோரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் வாங்கோ" என்றார். என் துணிச்சலைக் கண்டுகொண்டார் என்று பெருமையோடு ஏறினேன்.

மேட்டில் ஒதுங்க ஒரு மரமில்லை. காற்று அடிக்கும்போதெல்லாம் வான் பக்கவாட்டில் நழுவியது; பின்னால் மணவறையின் ரெஜிபோம் நுரைத் தூண்கள் முனகின. அவர் வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். வான் நழுவினால் செபத்தை நிறுத்துவார். நேரானதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

"தம்பி, பயமோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் இல்லாட்டி வந்திருக்க மாட்டன்."

அதன்பிறகு அவருடைய செபங்களுக்கெல்லாம் நான்தான் ஆமென் சொன்னேன்.

முகூர்த்தத்துக்குமுன் மணவறை எழும்பியது. அவர் சாப்பிடாமலே போய்விட்டார். அவர் என்மேல் வைத்த நம்பிக்கையைப் பந்தியில் அக்காவிடம் சொன்னேன்.

"அவர் காலமை போன் எடுத்தவர்" என்றாள் அக்கா. "வான் காத்துக்குப் பிரளாமல் இருக்க, உங்கட வீட்டில ஆகப் பாரமான ஆள் ஆர் எண்டு கேட்டவர்."