கூடைக்கல்லில் ஒற்றைக் கூடை

பன்னிரண்டு வருஷமாகச் செல்லச்சாமிக்கு வீரம்மா மேல் கடுப்பு. கண்டியிலிருந்து வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஹந்தானை தாண்டி வெள்ளைக்கல் அருவிக்குப் போய், தொண்டை வறளக் கதை சொல்லிக்கொண்டிருப்பான். கதை உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்து, பக்கத்தில் சோளம் அவித்து விற்கிற வீரம்மா பானையிலிருந்து தலையைத் தூக்காமலே, "பொய்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. எது பொய் என்று கேட்டால், "ஒனக்கு எதுக்கு? நீ வண்டியப் பாத்து ஓட்டு" என்பாள். வேனில் வந்த சனம் சிரிக்கும்.

செல்லச்சாமி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் கதை சொல்ல வரும். அந்த அருவிக்கு மூன்று கதைகள் வைத்திருந்தான். ராஜா காலத்தில் ஓடிவந்த ராணி நகைப்பெட்டியைத் தடாகத்தில் போட்டாள், எடுக்க இறங்கியவன் எவனும் மேலே வரவில்லை என்பது ஒன்று. பனிமூட்டத்தில் குதிரையோடு விழுந்த வெள்ளைக்காரத் துரை, இன்றும் விடிகாலையில் குளம்புச் சத்தம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சனம் தலையாட்டிவிட்டுப் போனைப் பார்க்கும்.

மூன்றாவது கதை கூடைக்காரி. அதற்குக் கைக்குழந்தைகூட வாய் மூடும்.

எழுபத்துமூன்றாம் வருஷம், பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலம். தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்திக்குத் தொழிற்சாலைக்காரன் ஒருவனோடு தொடுப்பு. அவன் கைவிட்டான். இவள் அருவியின் தலைமாட்டில், தட்டையான கல்லின் மேல் கொழுந்துக் கூடையைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுக் குதித்தாள். அந்தக் கல்லுக்குப் பெயரே கூடைக்கல். மழை நாளில் தண்ணீருக்குள் வளையல் சத்தம் கேட்கும்.

"பொய்" என்பாள் வீரம்மா.

ஒரு நாள் அக்குறணையிலிருந்து றம்லத் டீச்சர் தன் குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லாரும் வாய் பிளந்து கேட்க, அவர் மட்டும் கூடைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ குதிச்சத யாரு கண்ட?"

யாரும் காணவில்லைதான், ஆனால் கூடை ஒழுங்காக இறக்கி வைத்திருந்ததே, தவறி விழுகிறவள் அப்படியா வைப்பாள் என்று செல்லச்சாமி சமாளித்தான்.

"கூடைய எறக்கி வைக்க ஆயிரம் காரணம் இருக்கும் தம்பி" என்றார் டீச்சர்.

வீரம்மா அன்றைக்குப் 'பொய்' என்று சொல்லவில்லை. பானையின் மூடி கையில் இருந்தபடியே நின்றாள். செல்லச்சாமி அவளைத் திரும்பிப் பார்த்தான். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கதை முழுசாக முடிந்தும் அவனுக்கு அது ருசிக்கவில்லை.

அடுத்த மாதம் வீரம்மா பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. தோட்டத்து லயன் வீட்டு ஆட்களிடம் சொல்லி அனுப்பி அவனைக் கூப்பிட்டிருந்தாள். திட்டுவதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு ஆரஞ்சுப் பழப் பையோடு போனான்.

அவள் திட்டவில்லை. கூடைக்காரி தன் அக்கா பாலம்மா என்றாள். அவன் பை கையிலேயே இருக்க, ஸ்டூலில் உட்கார்ந்தான்.

பாலம்மா செத்த அன்று அக்காவும் தங்கையும் ஆற்றுக்கு அப்பாலிருந்த மலையில் கொழுந்து பறித்தார்கள். மழை வலுத்துவிட்டது. பாலத்தைச் சுற்றி வந்தால் கொழுந்து நிறுவை முடிந்துவிடும். நிறுவை தவறினால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான் விழும். பஞ்சத்தில் அது அரை வயிறு. அருவித் தலைமாட்டுப் பாறை வழியாக வந்தால் பத்து நிமிஷம். மழையில் அந்த வழியில் வந்தவளுக்குப் பேரே கிடையாது என்று கங்காணி சத்தியம் பண்ணியிருந்தார். இருந்தும் வந்தார்கள்.

வீரம்மாவுக்குப் பதினாறு வயது. தலையில் கூடையோடு ஈரப் பாறையில் கால் வைக்கப் பயம். பாலம்மா தன் கூடையை முதலில் இக்கரைக்குக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்தாள். திரும்பிப் போய்த் தங்கையின் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டாள். பாதித் தூரம் வந்தாள்.

"பின்னால வாடி, என் கால் வச்ச எடத்துல வைன்னு சொன்னா. நான் இன்னும் எறங்கவே இல்ல."

தண்ணீர் அவளையும் கூடையையும் சேர்த்துக் கொண்டுபோனது. வீரம்மா பாலத்தைச் சுற்றி வெறுங்கையோடு லயத்துக்கு ஓடினாள். கங்காணிக்குப் பயந்து, அக்காவோடு போகவில்லை என்றாள். பொலிஸ் வந்து கேட்டபோதும் அதையே சொன்னாள். அடித்துப்போன கூடை கிடைக்கவில்லை. கல்லின் மேல் நின்ற ஒற்றைக் கூடையை எல்லாரும் பார்த்தார்கள். மீதிக் கதையைச் சனமே கட்டிக்கொண்டது. தொழிற்சாலைக்காரன் எங்கிருந்து வந்தான் என்று அவளுக்கு இன்றும் தெரியாது. மானம் போச்சென்று அப்பா பதினாறாம் நாள் காரியமும் செய்யவில்லை. வருஷப் படையலில் செத்தவர்கள் பேரையெல்லாம் சொல்லிக் கூப்பிடும்போது பாலம்மா பேரை விட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற வீரம்மாவும் வாய் திறக்கவில்லை.

"அடுத்த வாரம் அம்மாவோட பழைய கூடையத் தூக்கிக்கிட்டுப் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்குப் போனேன். ஒன் கூட எங்கடின்னு ஒருத்தர் கேக்கல தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

செல்லச்சாமி பழப் பையைத் தரையில் வைத்தான். அந்தத் தொடுப்புக் கதையை எத்தனை வேன் ஆட்களுக்கு, எவ்வளவு ரசித்துச் சொல்லியிருக்கிறான். சோளப் பானைக்குப் பக்கத்தில், கூடப் பிறந்தவள் காதில் விழ. இனி அந்தக் கதையை எடுக்கவே மாட்டேன் அக்கா என்றான்.

வீரம்மா தலையை அசைத்தாள். கதையை விட்டால் பாலம்மாவை நினைக்க இந்த உலகத்தில் ஆளில்லை என்றாள். மூச்சு வாங்கியது. தாதி வந்து, போதும் எழுந்திருங்கள் என்று சைகை காட்டினாள். அவன் எழுந்தான். வீரம்மா அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு கூடைன்னு சொல்லு. ரெண்டாவது கூட யாருதுன்னு கேப்பாங்க. எம் பேரச் சொல்லு."