அழிப்பதற்கு ஒரு கசற்

கரண்ட் இருந்த காலத்தில் சந்தியோகு ஒன்றும் பெரிய ரசிகரில்லை. குருநகரில் ஐஸ் கொம்பனிக் கிளாக்கர் வேலை முடிந்து வந்து ரேப் றெக்கோடரைப் போட்டால், இரண்டாவது பாட்டுக்குள் குறட்டை கேட்கும். தொண்ணூறில் சண்டையோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. பற்றறியும் அரசாங்கம் தடைசெய்த சாமானாயிற்று. அதன் பிறகுதான் மனிதர் பாட்டை ஒழுங்காகக் கேட்கத் தொடங்கினார்.

அப்போது அவர்கள் ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்து, கொடிகாமத்தில் செல்வரட்ணத்தாரின் தென்னங்காணிக்குள் கொட்டில் போட்டிருந்தார்கள். ஓடுகிற அவசரத்தில் மனைவி ஸ்ரெல்லா கலியாணச் சீலையை விட்டுவிட்டு வேதாகமத்தை எடுத்தாள். வேதாகமத்தை அவள் எடுப்பாள் என்ற விசுவாசத்தில் இவர் ஒரு பை நிறையக் கசற் எடுத்தார். பதினொன்று.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஸ்ரெல்லா பெடலைக் கையால் சுற்றுவாள். டைனமோவிலிருந்து ஒரு வயர் ரேப் றெக்கோடருக்குப் போகும். நாளுக்கு ஒரு பக்கம், அரை மணித்தியாலம். அதற்கு மேல் அவளுடைய தோள் தாங்காது. ஆகவே ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், சந்தியோகு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வரப்போகும் கிழமைக்கு ஏழு கசற்றுகளைத் தெரிந்து எழுதுவார், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி நியாயத்தோடு. திங்கள், நாதஸ்வரம்: கிழமையைக் கோயில் வீதியில் தொடங்குவது வேதக்காரனுக்கும் பாவமில்லை. புதன், கொழும்பு பைலா: சிங்களம் விளங்காததால் முழுச் சந்தோஷம். வெள்ளி, யேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு ஒப்பாரி: வேறென்ன?

சுற்றுகிற வேகம் கூடினால் வித்துவானுக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் வந்துவிடும். குறைந்தால் பாடகிக்கு மீசை முளைக்கும். சந்தியோகு கண்ணை மூடியபடியே பிழை பிடிப்பார்.

“கொஞ்சம் மெதுவா, ஸ்ரெல்லா. சுருதி ஏறுது.”

“வந்து நீங்கள் சுத்துங்கோவன், இறங்கும்.”

“நான் சுத்தினால் ஆர் கேக்கிறது?”

தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பேனையைத் திறக்கும்போது ஸ்ரெல்லா எதிரே வந்து குந்தினாள். அவர்களுக்கு இருப்பது ஒரே மகன், சிமியோன், சுவிஸில். பதினொரு மாதமாக அவனிடமிருந்து ஒரு வரியும் இல்லை. எழுதிய ஐந்து கடிதத்துக்கும் பதிலில்லை.

“செல்வரட்ணம் அண்ணை சனிக்கிழமை கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்குப் போறாராம். கசற் ஒண்டு தாங்கோ. நான் கதைச்சு அனுப்பப்போறன்.”

“வெறுங்கசற் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் இல்லை.”

“வெறுங்கசற் ஆர் கேட்டது? உங்கடை பதினொண்டிலை ஒண்டை அழியுங்கோ. எழுத்தை அவன் உடைச்சுப் பாக்கேல்லை. என்ரை குரலைக் கேட்டால் பேசாமல் இருக்கமாட்டான்.”

அந்தக் கிழமைப் பட்டியல் ரசிகனின் பட்டியலாக இல்லை. மரண தண்டனை விசாரணைக்கு வந்தவர்களின் பெயர்களாக இருந்தது. திங்கள் வந்தவர் செவ்வாய்க்கு விடுதலையானார். பைலாவை அழித்துவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் சுற்றிக்கொண்டிருந்த ஸ்ரெல்லாவே தோளை ஆட்டிவிட்டாள். ஒப்பாரியை அழிக்க வேதம் விடவில்லை. சினிமாப் பாட்டை அழிக்கலாம். நாடா நைந்து போய்விட்டது, குரல் நிற்காது. அதுதான் சிக்கல். மட்டமான பாட்டெல்லாம் மட்டமான நாடாவில் இருந்தது. அவர் காசைப் பாராமல் யப்பான் நாடா வாங்கி, பாட்டுப் பதிகிற றெக்கோடிங் பார்க் கடையில் நின்று பதிப்பித்தது நாதஸ்வரம் ஒன்றைத்தான். ஆகவே அதுவே சாகவேண்டியதாயிற்று.

வெள்ளி பின்னேரம் மேலே பதிய விடாத கசற்றின் விளிம்புத் துவாரத்தைக் கடதாசியால் அடைத்தார். ஸ்ரெல்லா பேசவேண்டியிருந்ததால் பெடல் அவர் கைக்கு வந்தது.

“சிமியோன், அம்மா கதைக்கிறன் ராசா. கோழி ஒம்பது குஞ்சு பொரிச்சது, கீரி ரெண்டைக் கொண்டு போட்டுது. அப்பாவுக்கு முழங்கால் உழைவு. அதெல்லாம் பறவாயில்லை. நீ சாப்பிடுறியோ? ஒரு வரி எழுது ராசா. கோவமெண்டாலும் கோவமெண்டு எழுது...”

சந்தியோகு அவளையே பார்த்தபடி சுற்றினார். பிழை பிடிக்க அங்கே பாட்டு இருக்கவில்லை.

பிறகு அவள் சுற்ற, போட்டுக் கேட்டார்கள். “மெதுவா... இன்னும் மெதுவா... ஆ, அதுதான். அச்சொட்டா நீர்தான்!” என்றார். ஸ்ரெல்லா தன் குரலைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். மறுநாள் செல்வரட்ணம் அதைப் பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு போனார். கிளாலிக் கடலில் நேவி சுட்டுப் படகுகளில் எத்தனையோ பேர் செத்த கிழமை அது. கசற் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

நாலு மாதத்துக்குப் பிறகு கடிதம் வந்தது. எழுதியவர் கிறகோரி, சிமியோனோடு ஒரே அறையில் இருந்தவர்.

‘சிமியோனின் அப்பா, அம்மாவுக்கு. சிமியோன் போன வருடமே இந்த அறையை விட்டுப் போய்விட்டான். எங்கே என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. உங்கள் கடிதங்கள் உடைக்காமல் கிடக்கின்றன. ஏதும் அவசரமோ என்று கசற்றை மட்டும் போட்டுப் பார்த்தோம். எலி கீச்சிடுகிற மாதிரி ஓடுகிறது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. மன்னிக்கவும்.’

சந்தியோகுவுக்கு உடனே விளங்கிற்று. அன்றைக்கு அவர் கை மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை மெதுவாகவே ஓடவிட்டு, சரி என்று தலையாட்டியிருக்கிறார். கரண்டில் ஓடுகிற மெசின் ஒருவருக்காகவும் மெதுவாகச் சுற்றாது. மூன்று வருடமாகப் பெண்சாதியிடம் சுருதிப் பிழை பிடித்த காது இதைப் பிடிக்கவில்லை.

ஸ்ரெல்லா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “என்னவாம்?”

அவர் கடிதத்தை இரண்டாக மடித்தார்.

“கசற்றிலை உம்மடை குரல் விளங்கேல்லையாம். நான் மெதுவாச் சுத்திப்போட்டன்.”

“அப்ப கிடைச்சிருக்கு!” பதினைந்து மாதத்தில் முதல் தடவையாக அவள் முகம் வெளித்தது. “பிழை உங்கடை கையிலைதானே, அவனிலை இல்லையே? அதுதான் பதிலும் இல்லை, பாவம். இந்த முறை நானே சுத்திச் சுத்திக் கதைக்கிறன். எடுங்கோ ஒண்டை.”

“எல்லாம் ஆறுதலாப் பாப்பம்.”

“என்ன ஆறுதல்? செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு ஆள் போகுது.”

கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் கொட்டிலுக்குள் போனார். இம்முறை விசாரணை நடக்கவில்லை. கசற் பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். எந்தக் கசற் என்று ஸ்ரெல்லாதான் கேட்டாள். அவர் பார்க்கவில்லை.