ஒண்ணுமே பண்ணல மேடம்

டாக்டர்கிட்ட போனா உடம்புக்கு என்னன்னு கேப்பாங்க. எங்க தொழில்ல முதல் கேள்வியே நீங்க என்ன பண்ணீங்கங்கறதுதான், அதுக்கு இதுவரைக்கும் வந்த ஒரே பதில் ஒண்ணுமே பண்ணல மேடம்ங்கறதுதான்.

செங்கம் ரோட்டுல ஒரு பேக்கரிக்கு மேல மாடியில என் கடை. படுத்துட்ட ஹார்ட் டிஸ்க்ல இருந்து உள்ள இருக்கறதை மீட்டுக் குடுக்கறது வேலை. லினக்ஸ் டிஸ்க்னா ஊர்ல இருக்கற மத்த கடைக்காரங்க தொடாம என்கிட்ட தள்ளி விட்டுடுவாங்க. டிஸ்க் சுத்தும், லைட்டு எரியும், ஆனா கம்ப்யூட்டர் மட்டும் அதை உள்ள சேர்த்துக்க மாட்டேன்னு அடம் பிடிக்கும். மௌன்ட் ஆகலன்னு நாங்க சொல்றது இதைத்தான். இதே பொழப்புல இருக்கற யாராவது இதைப் படிச்சா, உங்க தலையெழுத்தும் இதுதான்னு எனக்குத் தெரியும், மேல படிங்க. மத்தவங்க, கடைசியா எப்ப ஒரு காப்பி எடுத்து வெச்சீங்கன்னு யோசிச்சுட்டுப் படிங்க.

மரியாதையா கேட்டுச்சு

ஆயுத பூஜை முடிஞ்ச வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துற ஒருத்தர் டிஸ்கைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வந்தார். உள்ள எட்டிப் பார்த்துட்டு சார் இல்லீங்களான்னு கேட்டார். இந்தக் கடையில சார்னு யாரும் கிடையாது, நான்தான்னேன். என்னை ஒரு தடவை மேலயும் கீழயும் பார்த்துட்டு, வேற வழியில்லாம உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். அவர்கிட்ட தங்கியிருக்கற பெங்களூர்க்காரர் ஒருத்தரோட தங்கச் செயினைக் காணோம். ஒரு சின்னத் துணிப்பையில போட்டு ரூம்ல டேபிள் மேல வெச்சேன்னு அவர் சத்தியம் பண்றார். அன்னைக்குக் காலையில அந்த ரூமைக் கூட்டித் துடைச்சது கன்னியம்மாங்கற அம்மா. அப்போ அவங்கதான் எடுத்திருக்கணும்னு ஓனர் முடிவு பண்ணி, வேலையை விட்டு நிறுத்திட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ள செயின் வரலைன்னா போலீஸ் ஸ்டேஷன்தான்னு கெடுவும் வெச்சாச்சு. ஆதாரம் வேணுமேன்னு கேமராவைப் பார்க்கப் போனா, கேமராப் படமெல்லாம் சேர்ற லினக்ஸ் மெஷின்ல டிஸ்க் மௌன்ட் ஆகல. அடிக்கடி கரண்ட் போய்ப் போய் வந்த கோளாறு. அதோட விட்டிருந்தா எனக்குச் சுலபமான வேலை.

நீங்க என்ன பண்ணீங்கன்னேன். ஒண்ணுமே பண்ணலன்னார். நான் பேசாம அவர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இந்தத் தொழில்ல இது ஒரு வித்தை, ஒரு நிமிஷத்துக்கு மேல யாரும் தாங்க மாட்டாங்க. அப்புறம் வந்துது உண்மை. டிஸ்கைக் கழட்டி ஆபீஸ்ல இருக்கற விண்டோஸ் கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கார். லினக்ஸ் டிஸ்கைப் படிக்கத் தெரியாத அது, ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேட்டிருக்கு. அதாவது உள்ள இருக்கறதைத் துடைச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கட்டுமான்னு. இவரும் சரின்னு அமுத்திட்டார். ஏங்க அமுத்துனீங்கன்னு கேட்டதுக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாம சொன்னார்: "அது மரியாதையா கேட்டுச்சு மேடம், வேணாம்னு எப்படிச் சொல்றது?"

காவல்

மறுநாள் கடையைத் தொறக்க வந்தா, மாடிப்படியில ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க. நாப்பத்தஞ்சு வயசிருக்கும், கையில டிபன் பாக்ஸ். நான்தான் கன்னியம்மான்னாங்க. டிஸ்க் இங்க வந்திருக்குன்னு கேள்விப்பட்டு, அது சரியாகற வரைக்கும் இங்கயே உட்காரப் போறாங்களாம். இந்த ரோட்டு லாட்ஜுங்களை நம்பித்தான் அவங்க பொழப்பு. திருடின்னு ஒரு தடவை பேர் வந்துட்டா ஒருத்தரும் வாசப்படி ஏத்த மாட்டாங்க, எனக்கு இந்த டப்பாவை விட்டா வேற சாட்சி இல்லன்னாங்க.

பழக்கதோஷம், நீங்க என்ன பண்ணீங்கன்னு என் வாய் கேட்டுடுச்சு. நான் ஒண்ணுமே பண்ணல மேடம்னாங்க. இத்தனை வருஷமா அதையே கேட்டுக் கேட்டு, அந்த வார்த்தை விழுந்தாலே பொய்னு முடிவு பண்ற காது என்னுது. அன்னைக்கும் அப்படித்தான் நெனச்சேன். இப்ப எழுதும்போது வெக்கமா இருக்கு.

ஒரிஜினல் டிஸ்க்ல நான் கை வைக்கறதே இல்ல. முதல்ல அச்சு அசலா ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியிலதான் வைத்தியம். அந்தக் காப்பி ஓடி முடியவே ரெண்டு நாள் ஆகும், நீங்க வீட்டுக்குப் போங்கன்னு எடுத்துச் சொன்னேன். அவங்க ஸ்டூலை டிஸ்குக்கு நேரா இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாங்க: "நான் அந்தாண்ட போனதும் ஓனர் வந்து படத்தை மாத்திட்டார்னா இன்னா மேடம் பண்றது?"

பொட்டு

காப்பி ஓடிக்கிட்டு இருக்கறப்பவே கீழ்பென்னாத்தூர்ல இருந்து ஒரு ரைஸ் மில் மேனேஜர் வந்தார். பூஜைக்கு மறுநாள்ல இருந்து ஆபீஸ் மெஷின் எழுந்திருக்கல. அவரும் ஒண்ணுமே பண்ணல. டிஸ்கை வாங்கித் திருப்பினேன். ஹார்ட் டிஸ்க்ல காத்து போய் வர ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், இதை மூடாதேன்னு பக்கத்துலயே எழுதியிருக்கும். இவங்க ஆயுத பூஜைக்கு மெஷினையே பிரிச்சு, உள்ள ஈரத்துணியால துடைச்சு, சந்தனத்தைக் குழைச்சு சரியா அந்த ஓட்டை மேலயே வட்டமா வெச்சு, நடுவுல குங்குமமும் வெச்சிருக்காங்க. அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. இவ்ளோ பெரிய டிஸ்க்ல வேற எடமே கிடைக்கலையான்னு கேட்டேன். அங்கதான் சின்னதா வட்டம் போட்டிருந்துச்சாம், பொட்டு வைக்கத்தான் போலன்னு நெனச்சாங்களாம்.

ஓட்டையை மூடினதும் தப்பு, ஈரத்துணி அதை விடத் தப்புன்னு நான் ஒரு பாடமே எடுத்தேன். மனுசன் கையைக் கட்டிக்கிட்டுப் பொறுமையா கேட்டுட்டு, கடைசியில என்னைத்தான் கண்டிச்சார்: "சாமிக்கு வெச்ச பொட்டு மேடம், அதால கெடுதல் வரும்னு நீங்க வாயால சொல்லக் கூடாது."

ஒய்

அடுத்து ஒரு டியூஷன் வாத்தியாரும் அவர் சம்சாரமும். இவர் செல்போன்ல ஒரு வீடியோவைப் பார்த்து வீட்டு மெஷின்ல லினக்ஸ் போட்டவர். அது மௌன்ட் ஆகாம போனதும் இன்னொரு வீடியோவைப் பார்த்து ரிப்பேர் கமாண்டையும் தட்டிட்டார். அந்த கமாண்ட் ஒவ்வொரு கோளாறுக்கும் நின்னு, இதைச் சரி பண்ணட்டுமான்னு கேக்கும். ஒய் அமுத்தினா ஆமாம்னு அர்த்தம். என்ன கேக்குதுன்னு படிச்சுப் பார்த்து அமுத்தணும். அழியப் போற டிஸ்க்ல படிக்காம அமுத்தினா, இருக்கறதையும் சேர்த்துக் கலைச்சுப் போட்டுடும். ஊருக்கே பாடம் நடத்துற வாத்தியார் ஒரு மணி நேரம் படிக்காம அமுத்தியிருக்கார். விரல் வலிச்சதும் சம்சாரத்தைக் கூப்பிட்டு, நீ அமுத்திக்கிட்டே இருன்னு உட்கார வெச்சுட்டுச் சாப்பிடப் போயிட்டார்.

என்கிட்ட வந்து, நான் ஒண்ணுமே பண்ணல மேடம், இவதான் அமுத்தினான்னு கையைக் காட்டினார் பாருங்க, எனக்கு வந்த கோவத்துக்கு அவரை மாடிப்படியில உருட்டி விட்டிருக்கலாம். அந்தம்மா அசரல. புடவைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "இவர் எதைச் சொன்னாலும் சரின்னு அமுத்தறதுதான் மேடம் கல்யாணத்துல இருந்து என் வேலை."

பக்கத்துலயே

வேங்கிக்கால்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கறவர் மட்டும் சிரிச்ச முகமா வந்தார். டிஸ்க் போயிடுச்சு மேடம், ஆனா பேக்கப் இருக்குன்னார். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. எழுந்து நின்னு கை குடுக்கலாம்னு பார்த்தேன். பேக்கப்பைக் குடுங்கன்னேன். அதே டிஸ்கைக் கையில குடுத்தார். அதுக்குள்ளயே பேக்கப்னு பேர் போட்டு ஒரு ஃபோல்டர் வெச்சிருக்காராம். கன்னியம்மா ஸ்டூல்ல இருந்து திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாங்க. அவரோ கொஞ்சம்கூட அசடு வழியாம விளக்கம் குடுத்தார்: "வேற எடத்துல வெச்சா தொலைஞ்சிடும்னுதான் மேடம் பக்கத்துலயே வெச்சேன்."

ஜனவரி ஒண்ணு

வியாழக்கிழமை சாயங்காலம் காப்பி முடிஞ்சுது. ஓனர் பண்ணின ஃபார்மேட்ல டிஸ்கோட தலைப்பக்கம் அழிஞ்சு போயிருந்துச்சு. உள்ள எது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க அந்தப் பக்கம்தான் ஆரம்பம். ஆனா லினக்ஸ் மனுசங்களை அவ்வளவா நம்பறதில்ல. அந்தத் தலைப்பக்கத்தை மட்டும் அஞ்சாறு காப்பி எடுத்து, டிஸ்க்ல தள்ளித் தள்ளி அங்கங்க வெச்சிருக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னு கன்னியம்மாவுக்கும் விளக்கிச் சொன்னேன். ஏன் தள்ளித் தள்ளி வைக்குதுன்னு கேட்டாங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சா எல்லாம் ஒண்ணாப் போயிடுமேன்னேன். தலையாட்டிக்கிட்டாங்க.

அப்படி இருந்த ரெண்டாவது தலைப்பக்கத்தை வெச்சே வெள்ளிக்கிழமை காலையில படங்களை வெளிய கொண்டு வந்துட்டேன். அங்கதான் அடுத்த எழவு. ஒரு படத்துக்கும் பேர் இல்ல, வெறும் நம்பர்தான். தேதியைப் பார்க்கலாம்னா எல்லாம் ரெண்டாயிரத்து ஜனவரி ஒண்ணு. மெஷின்ல கடிகாரத்துக்கான பேட்டரி செத்துப்போனதை யாரும் கவனிக்கல, கரண்ட் போய் வந்தப்பல்லாம் அது ஜனவரி ஒண்ணுக்கே திரும்பிடுச்சு. ஆயிரக்கணக்கான படம், சாயங்காலம் அந்தம்மாவை ஸ்டேஷனுக்கு இழுப்பாங்க, எந்தப் படம் எந்த நாள்னே தெரியல. நான் தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டேன்.

கன்னியம்மா ஸ்டூலை இழுத்துக்கிட்டு மானிட்டர் கிட்ட வந்தாங்க. ஒரு கேமரா மொட்டை மாடியைப் பார்த்து இருந்துச்சு, அங்கதான் அவங்க துணி காயப் போடுவாங்க. திங்கள்கிழமைன்னா கீழ் ரூமோட வெள்ளை பெட்ஷீட், வியாழன்னா மேல் ரூமோட மஞ்சளு, இது போன வாரத்துது, இது மழை வந்த அன்னிக்குன்னு கொடியைப் பார்த்தே சொல்லிக்கிட்டு வந்தாங்க. செயின் தொலைஞ்ச அன்னிக்கு ஒரு பெட்ஷீட்ல குழம்புக் கறை போகாம, கறையை உள்ள மடிச்சுக் காயப் போட்டாங்களாம். நாங்க தேடித் தேடி, பதினோரு மணி வாக்குல அந்த மடிப்பு திரையில வந்துது. கொஞ்ச நேரத்துல பெங்களூர்க்காரர் ஈரத்துண்டோட மாடிக்கு வந்தார். டேபிள் மேல வெச்சேன்னு சத்தியம் பண்ணின அதே துணிப்பையைக் கைப்பிடிச் சுவர் மேல வெச்சார், அதுல இருந்து ஒரு பிஸ்கட் எடுத்துத் தின்னார், துண்டைக் காயப் போட்டார், பையை மறந்துட்டுக் கீழ போயிட்டார். அப்புறம் ஒரு குரங்கு வந்துது. நிதானமா உட்கார்ந்து பையை மோந்து பார்த்துட்டு, இடுக்கிக்கிட்டு மலைப்பக்கம் போயிடுச்சு.

நான் அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன். எதுக்குன்னு அவங்களுக்குப் புரியல. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, குரங்குக்காகத்தான் பேசினாங்க: "பிஸ்கட்டுக்குதான் மேடம் எடுத்துச்சு, அதுக்குத் தங்கம் தெரியுமா, பாவம்."

ரெண்டு

மத்தியானம் ஓனரும் பெங்களூர்க்காரரும் வந்து பார்த்தாங்க. பெங்களூர்க்காரர் செல்போனை எடுத்துக்கிட்டு வெளிய போனவர் அப்படியே போயிட்டார். ஓனர் கன்னியம்மாகிட்ட நாளையில இருந்து வேலைக்கு வந்துடுன்னார். தப்பா நெனச்சுட்டேங்கற வார்த்தை அவர் வாய்ல இருந்து வரல, வரும்னு நானும் எதிர்பார்க்கல. அப்புறம் என்னைத் தனியா கூப்பிட்டு, அந்தக் குரங்குப் படத்தை மட்டும் அழிச்சுடச் சொன்னார். தீபத்துக்குக் கூட்டம் வர்ற நேரம், மொட்டை மாடியில குரங்கு செயினைத் தூக்குதுன்னு வெளிய தெரிஞ்சா யாரும் ரூம் போட மாட்டாங்களாம். யாராவது கேட்டா டிஸ்க் கெட்டுப்போச்சுன்னே இருக்கட்டுமாம். அப்போ ரோடு முழுக்க இந்தம்மாவைப் பத்திப் பரப்பின பேச்சு என்ன ஆகும்னு கேட்டேன். அதெல்லாம் நாலு நாள்ல மறந்துடுவாங்கன்னார். ஃபார்மேட் பண்ணட்டுமான்னு இவரைக் கேட்ட அந்த விண்டோஸ் இவரை விட நல்ல மாதிரின்னு எனக்குத் தோணுச்சு. டிஸ்கை அவர் கையில குடுத்து, இது உங்க பொருள், இதுல என்ன வேணா பண்ணிக்கங்கன்னு அனுப்பி வெச்சேன். படம் நான் எடுத்த காப்பியில பத்திரமா இருந்துச்சு.

கன்னியம்மா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. காலி டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு எழுந்தவங்க, வேலைக்கு அங்க போறதா வேற எடம் பாக்கறதான்னு அப்புறம் யோசிச்சுக்கறேன்னாங்க. படியிறங்கப் போனவங்க நின்னு திரும்பினாங்க: "அந்தப் படத்தை ரெண்டா போட்டுக் குடுங்க மேடம், ஒண்ணு எங்கிட்ட இருக்கும், இன்னொண்ணை கீழ்பென்னாத்தூர்ல எங்க அக்கா வூட்டுல வெக்கறேன், ஒரே எடத்துல இருந்தா ஒண்ணாப் போயிடும்."

ஒண்ணுமே பண்ணலன்னு சொல்லி அது நிஜமாவும் இருந்து, நான் கெஞ்சாமலே பேக்கப்பும் எடுத்துக்கிட்டுப் போன ஒரே ஆளு, கம்ப்யூட்டரைத் துடைக்க மட்டுமே தொட்டிருக்கற கன்னியம்மாதான்.