உம்மாவுக்கு ஒரு கட்டை குறைவு

நான் சுபைறாவை முதலில் கண்டது கல்முனைக்குடியில் ஒரு பள்ளிவாசல் கேற்றடியில். மீசான் கட்டை ஒன்றை உலக்கை மாதிரிப் பிடித்துக்கொண்டு, உள்ளே நிருவாகத்தில் இருந்த தம்பி முபாறக்கை வெளியே வரச்சொல்லிக் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்.

கபுறுக்குழியின் மேல் அடையாளத்துக்கு நடுகிற மீசான் கட்டை ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று. ஊரில் இது தெரியாதவர் இல்லை. வீதியை அகலமாக்கப் பழைய மையவாடியில் சுபைறாவின் உம்மாவும் கிடந்த ஓர வரிசையைத் தோண்டி, கிடைத்ததை வெள்ளைப் புடவையில் சுற்றிப் புதிய மையவாடியில் அடக்கினார்கள். அதற்குச் சுபைறா வாய் திறக்கவில்லை. ரோட்டும் வேண்டும்தானே. ஆனால் இடத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று, எல்லாருக்கும் இரண்டே கட்டை என நிருவாகம் முடிவெடுத்தது. மிஞ்சியவை பள்ளி மதிலோரம் விறகாகக் குவிந்து கிடந்தன. அதில் ஒன்றைத்தான் இழுத்தெடுத்திருந்தார்.

"எங்கட உம்மாவ ஆம்புளையாக்கிட்டீங்களேடா, பாழாப் போவானுகளே!"

"மெதுவாக் கதைங்க ராத்தா. ரெண்டு இரிந்தா என்ன, மூணு இரிந்தா என்ன? அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே."

"ஓம், அல்லாஹ்வுக்குத் தெரியும். நாளைக்குக் கபுறடிக்கு ஸியாறத்துக்குப் போற உன்ட மகனுக்குத் தெரியுமா? நீ என்ன, வாப்பாட வயித்திலயா கெடந்தாய்?"

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முகம் கறுத்த முபாறக், கட்டையைப் பறித்துக்கொண்டு போய் நட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் விடியப் புடவைக்கடை ஜுனைட் சுபைறாவின் வாசலில் நின்றார்.

"எங்கட வாப்பா உங்களுக்கு என்ன செஞ்சார் ராத்தா? அவர்ட கபுறில மூணு கட்டை நிக்கிது!"

சுபைறா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு கட்டைய ஒழுங்கா நடத் தெரியாது, அவனுக்கொரு நிருவாகம்!"

பெண்கள் மையவாடிக்குள் போகிற வழக்கம் இல்லை. அன்று போனார். கூடாது என்று ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள்.

"நீங்க ஒழுங்கா நட்டிருந்தா நான் ஏன் வாறன்?"

ஜுனைட் தன் வாப்பாவின் கபுறைக் காட்டினார். அதற்கு அடுத்ததுதான் உம்மா என்று முபாறக் முனகினான். கட்டையைப் பிடுங்கி, உம்மாவின் கபுறு நடுவில் சுபைறாவே குத்தி இறக்கினார்.

இப்போதும் கல்முனைக்குடியில் அதே வீட்டில்தான் இருக்கிறார். தம்பியோடு பேச்சில்லை. மற்றக் கட்டைகள் இன்னும் மதிலோரம் கிடக்கின்றன. புதிய மையவாடியின் அந்த வரிசையில், இப்போதைக்கு உம்மா மட்டும்தான் பெண்.